தைலம் தின்ற கோழிகள்

"கறியில தைல வாசனை அடிச்சா நம்ம பொண்ணக் கட்டிப்பாங்களா?"

பேத்தமங்களாவிலிருந்து ஆண்டர்சன்பேட்டைக்கு வரும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தன் சம்சாரத்திடம் இப்படிக் கேட்டார். அவர் காலடியில் கூடை நிறைய வெள்ளை பிராய்லர் கோழிகள். நான் ஜன்னலைப் பார்த்தபடி காது கொடுத்தேன்.

"தீனியில ரெண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டா நல்லா தின்னும்னு கோழி டாக்டரு சொன்னாரு. நீ இன்னா பண்ண? பாதி புட்டியக் கவுத்துட்ட."

"சொட்டுக்கே எடை ஏறுதுன்னா, புட்டிக்கு இன்னும் ஏறும்னு பாத்தேன்."

"சாயந்திரம் நிச்சயம். விருந்துக்கு இந்தக் கோழிதான்."

"மாப்பிள்ளையோட அப்பாவுக்கு மோப்பமே கிடையாதுங்க. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துல வெடிப்புகை குடிச்ச மூக்கு."

"சரி, சம்பந்தியம்மாவுக்கு?"

அந்தம்மா பையிலிருந்து மிச்சத் தைலத்தை எடுத்துப் புருஷனின் கழுத்திலும் மார்பிலும் அழுத்தித் தேய்த்தார்.

"இன்னாடி பண்ற?"

"வாசனை கறியில இல்ல, உங்க மேலன்னு நெனச்சிப்பாங்க. பந்தியில சம்பந்தியம்மா பக்கத்துல நின்னு இருமுங்க."

பஸ் முழுக்க நெடி ஏறியது. ஆண்டர்சன்பேட்டையில் கூடையோடு இறங்கும்போதே அவர் ஒருமுறை இருமிப் பார்த்தார்.

"இது போதாதுங்க," என்றார் அந்தம்மா. "நம்ம பொண்ண நெனச்சிக்கினு இருமுங்க."