வீடு வீடாகக் கணக்கெடுத்த ஓட்டல்

ஓசூர் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் திடீரென்று கத்தினார்.

“ஊர்ல இத்தனை வாய் இருக்குதுன்னு எழுதிக் காட்டினியே மாப்பிள்ளே, ஒரு வாயாவது என் ஓட்டல்ல திறந்துச்சா?”

அவர் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், அசரவில்லை.

“ஜனத்தொகைக் கணக்குக்கு வீடு வீடாப் போனவன் நான், மாமா. ஒரு தலை தப்பாது.”

“தலை சரிதான்யா! அத்தனை பேரும் வீட்லயே களியைத் தின்னுட்டுக் காட்டுக்குப் போறாங்க. எவன் இட்லிக்கு வருவான்? அதைக் கேட்டியா?”

“அப்படி ஒரு கேள்வியே பாரத்துல இல்லையே.”

“ரோட்டோரமாப் போடறேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். அங்கே ஒரு குடும்பமும் இல்லைன்னு ஊருக்குள்ள கொண்டுபோய் உட்கார வெச்சே!”

“ரோட்டுல யாரு மாமா குடியிருக்காங்க?”

குருபரப்பள்ளியில் பஸ் நின்றது. அவர்கள் ஊர் அதுதான். இருவரும் எழுந்தார்கள். அதற்குள் பாதி பஸ் கீழே இறங்கி, கடை தேடி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் ஜன்னல் வழியாக வாத்தியாரிடமே கேட்டார்.

“ஏங்க, பக்கத்துல டிபன் எங்கே கிடைக்கும்?”

மாமா மெதுவாகத் திரும்பினார்.

“சொல்லு மாப்பிள்ளே. இவரை எந்த வீட்டுல எழுதினே?”