நான் அடித்த பறைக்கு வந்தவர்கள்

ஓடுகிறேன். கீழே ஆறு நின்றுவிட்டது.

ஆடி மாதம். புதன்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். பத்து நாளாக விடாத மழை. மேலே மாட்டுப்பட்டி மலைப் பக்கமிருந்து மூன்று சத்தம் கேட்டது. முதல் சத்தம் நீளம். அடுத்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. ஜெர்மன் சண்டைக்கு மூட்டை தூக்கக் கப்பலேறிப் போனவன் நான். இரண்டு வருஷம் பஸ்ராவில் கிடந்தவன். பீரங்கியை எண்ணிப் பழகிய காது. இது பீரங்கி இல்லை. மலை.

மேட்டிலிருந்து பார்த்தேன். நேற்று பாலத்தை முட்டிக்கொண்டு ஓடிய ஆறு சுருங்கிக் கிடக்கிறது. பாறை தெரிகிறது. சேற்றில் மீன் துடிக்கிறது. மேலே எங்கோ மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. அடைத்தது உடையும். பஸ்ராவில் எதிரி கரையை உடைத்துவிட்டு ஒரு பாளையத்தையே மூழ்கடித்தான். அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆற்றோரத்தில் கீழ் லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஏழாவது வீட்டில் என் பெண்டாட்டி பேச்சியம்மாள். காய்ச்சல் விட்டு எழுந்து மூன்று நாள்தான் ஆகிறது. அவளைக் கிளப்ப வேண்டும். எல்லோரையும் கிளப்ப வேண்டும். வீடு வீடாகக் கதவைத் தட்ட நேரமில்லை.

தோட்டத்துப் பறைக்காரன் நான். பறை பெரட்டுக் களத்துக் கொட்டகையில் தொங்கும். விடிந்ததும் அங்கே அடிப்பேன். சனம் கூடையோடு வந்து வரிசையில் நிற்கும். கங்காணி ஆள் எண்ணி, எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்று பிரித்து அனுப்புவார். களமும் ஆற்றோரம்தான். லயத்தைவிடத் தாழ்வு.

அந்தக் களத்தில் நின்றே அடித்தேன். வேகமாக அடித்தேன். ஆபத்து என்று புரிந்துகொள்வார்கள் என நினைத்தேன்.

படையில் மணியடித்தால் கலைந்து ஓடுவார்கள். தோட்டத்தில் பறையடித்தால் வரிசைக்கு வருவார்கள். இது எனக்குத் தெரியாததா? ஏழு வருஷமாக அவர்களை வரிசைக்கு வரவழைத்ததே என் கைதானே. அந்த நேரத்தில் மறந்தேன். மடையன்.

வந்தார்கள். சிரித்துக்கொண்டு வந்தார்கள். மழையால் நான்கு நாள் வேலையில்லை. இன்று வேலை உண்டு என்று சந்தோஷம். தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை போட்டு, கறுப்புக் கம்பளியை இழுத்துப் போர்த்தி வந்தார்கள். வழக்கமான இடத்தில் நின்றார்கள்.

"ஆத்துல தண்ணி வருது! மலைக்கு ஏறுங்க!"

தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பி ஆற்றைப் பார்த்தார்கள். ஆற்றில் தண்ணீரே இல்லை. ஒருத்தி, காலையிலேயே போட்டுவிட்டானா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி வராமல் வரிசையை விட்டால் அன்றைக்குப் பேர் விழாது. யாரும் அசையவில்லை.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இவர்கள் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள். பறையைக் கேட்பார்கள். அடித்துக்கொண்டே மலைப்பாதையில் ஏறினேன். பெரட்டு மேலே மாறிவிட்டது என்று நினைத்தார்கள். முணுமுணுத்தார்கள். ஆனால் பின்னால் வந்தார்கள்.

பாதி மேட்டில் திரும்பிப் பார்க்கிறேன். லயத்திலிருந்து பிந்தி வந்தவர்கள் களத்தில் நிற்கிறார்கள். பறையின் முதல் சத்தம் அங்கேதானே கேட்டது. கடைசியாக ஒருத்தி, நடக்க மாட்டாமல் நடந்து, தன் இடத்தில் போய் நிற்கிறாள். பச்சைச் சேலை. பேச்சி.

"பேச்சி! மேல ஏறு!"

பறைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடியை நிறுத்தினால் அவளுக்குக் கேட்கும். நிறுத்தினால் என் பின்னால் வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

நிறுத்தவில்லை.

நான்காவது சத்தம் வந்தது. ஆற்றுப் பள்ளம் முழுக்க மரமும் பாறையும் தண்ணீரும். களம் இல்லை. லயம் இல்லை. பேச்சி களத்தில் நின்றாளா, வேறு பக்கம் ஓடினாளா, பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களுக்குப் பின்னாலும் மலை இறங்கியது. முன்னால் வெள்ளம். பின்னால் சரிந்த மண். நடுவில் ஒரு துண்டுத் தேயிலைச் சரிவு. அதில் என்னைத் தவிர நாற்பத்தொரு பேர். அங்கே மூன்று ராத்திரி, நான்கு பகல்.

கால் வழுக்குகிறது. உட்கார்ந்தால் சரிவு இழுக்கிறது. கங்காணி இல்லை, துரை இல்லை, வழி சொல்ல ஆளில்லை. என் பின்னால் ஏறி வந்த கருப்பாயி அக்காதான் முதலில் தன் கூடைக் கயிற்றை அவிழ்த்தாள். இடுப்பில் ஒரு முனை. தேயிலைத் தூரில் மறுமுனை. செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வேர் லேசில் விடாது. எல்லோரும் அப்படியே கட்டிக்கொண்டோம். அவளிடம் ஒரு தூக்குக் கேப்பைக்களி இருந்தது. விரல் நுனி அளவு எல்லோருக்கும் கொடுத்தாள். தனக்கு எடுக்கவில்லை.

அவள் புருஷன் களத்தில் நின்றவர்.

வியாழக்கிழமை முழுவதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் சொன்னாள்.

"நீ அடிக்காம இருந்தா அந்த மனுசன் காட்டுக்கு வெறகுக்குப் போயிருப்பாரு."

உண்மைதான். பறையைத் தூக்கி வெள்ளத்தில் எறியப் போனேன். கை வரவில்லை. பேச்சி எங்காவது ஒதுங்கியிருந்தால் என்ற நப்பாசை. கேட்டால் அவளுக்குத் தெரியும், நான் இருக்கிறேன் என்று.

வெள்ளிக்கிழமை காலை அடித்தேன். தோல் நனைந்து ஊறியிருந்தது. சத்தம் பத்தடி போகவில்லை. பறைக்குச் சூடு வேண்டும். நெருப்புக்கு எங்கே போவேன்? குச்சியை வைத்துவிட்டு அழுதேன். பஸ்ராவில்கூட அப்படி அழுததில்லை.

கருப்பாயி அக்கா இடுப்புக் கயிறு எட்டும் மட்டும் நகர்ந்து வந்தாள். பறையை வாங்கினாள். கந்தலால் தோலைத் துடைத்தாள். கம்பளிக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் களைத்ததும் அடுத்தவள் வாங்கினாள். அப்படி ஏழு பேர் வயிற்றுச் சூடு ஏறியது. மத்தியானம் பறை என்னிடம் வந்தது.

"அடிலே மாடசாமி. நம்ம இருக்கோம்னு எவனுக்காவது கேக்கட்டும்."

அடித்தேன். முதல் தடவை பதில் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. ஐந்தாம் தடவை அடித்து நிறுத்தியபோது எதிர்க் கரையில் தகரம் தட்டும் சத்தம். மூன்று தட்டு. மூன்று அடித்தேன். திரும்பவும் மூன்று. எங்கள் கூட்டம் கைகொட்டியது. பேச்சிதான் தட்டுகிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் சனிக்கிழமை வரை உயிரைப் பிடித்திருந்தேன்.

சனிக்கிழமை தண்ணீர் வடிந்தது. எதிர்க் கரை ஆட்கள் கயிறு வீசினார்கள். தகரம் தட்டியவர் ஒரு மாட்டு வண்டிக்காரர். அவர் காலைப் பிடித்துக்கொண்டு பேச்சியைக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு எழுதத் தெரியாது. சொல்கிறேன், கணக்கெடுக்க வந்த நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வீடு, கீழ் லயம் முழுவதும். போன மாடு ஆறு. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த கூடை பதினொன்று. செத்தவர்கள் இருபத்தாறு பேர். ஏழு பேர் லயத்துக்குள் செத்தார்கள். மீதிப் பத்தொன்பது பேரும் என் பறைக்கு வந்தவர்கள். மேலே பிழைத்த நாற்பத்தொரு பேரும் என் பறைக்கு வந்தவர்கள்தான். அவர்கள் என்னைக் கும்பிடுகிறார்கள். வேண்டாம் என்கிறேன். ஒரு கணக்கைக் காட்டி மற்றதைக் கழிக்க யாரும் வர வேண்டாம். இரண்டையும் எழுதுங்கள்.

பத்தொன்பது பேரின் பெயரும் சொல்கிறேன். முதலில் பேச்சியம்மாள். களத்து மண்ணுக்குள் அவள் தன் இடத்தில்தான் கிடந்தாள்.