ஜோடியாக மட்டுமே

சைக்கிள் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காப்பி கொடுத்துவிடுவேன். என் மனைவி ஹைக்கே ஏற்படுத்திய வழக்கம் அது. தூரத்திலிருந்து காரோட்டி வருகிறவர்களை நேரே கராஜுக்குள் கூட்டிப்போய் நிறுத்தினால் என்ன மரியாதை என்பாள். அன்றைக்கும் காப்பி போட்டிருந்தேன். ஆப்பிள் கேக்கும் இருந்தது. அந்தப் பெண் மாரென் இரண்டு துண்டு சாப்பிட்டாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், திருமதி கெஸ்ட்லர். உங்கள் போலீஸ் அறிக்கைகளில் இந்த மாதிரி விஷயமெல்லாம் விட்டுப்போகிறது.

என் பெயர் ஓட்மார் சைட்லர். வயது அறுபத்தொன்று. இந்த ரோத் ஊரில் பிறந்து இங்கேயே இருக்கிறேன். ஜூலை மாத டிரையத்லான் போட்டியன்று வாசலில் நாற்காலி போட்டுக் கை தட்டாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. ஹைக்கேயும் நானும் பதினான்கு வருஷம் அந்தப் போட்டியில் நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடியிருக்கிறோம். அவளுடைய சைக்கிளை நான்தான் பார்த்துக்கொள்வேன். எங்கள் ஊர் ஜோடிகளில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். மனைவி தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவுவாள், கணவன் போல்ட்டுகளை முடுக்குவான்.

விளம்பரம் நான் கொடுத்ததுதான். ‘கணவன் மனைவி ஓட்டிய இரண்டு டிரையத்லான் சைக்கிள்கள். ஜோடியாக மட்டுமே விற்கப்படும்.’ சின்ன சைக்கிள் மட்டும் போதும் என்று ஒரு மாணவி கேட்டாள், முடியாது என்றேன். அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள், அவர்களையும் அனுப்பிவிட்டேன். வந்த ஜோடிகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்.

“உங்க வண்டியெல்லாம் யாரு பாத்துக்கறா?”

ரிப்பேர்க் கடையில் விடுவோம் என்றால், வேறு யாரோ முன்பணம் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவேன். ஏழு ஜோடிகளை அப்படி அனுப்பினேன். எட்டாவதாக வந்தவர்கள்தான் தீலோவும் மாரெனும்.

“கடைக்கா? என் கை இருக்கறப்ப கடை எதுக்கு சார்?” என்றான் தீலோ. “இவ வண்டில ஒரு போல்ட்டக்கூட நான் வேற யாரையும் தொட விட்டதில்ல.”

“ஆமா, பெரிய டாக்டரு,” என்றாள் மாரென். “போன வருஷம் போட்டி நடுவுல என் சீட்டு திரும்பிக்கிச்சு சார். இருபது கிலோமீட்டர் நின்னுக்கிட்டே ஓட்டினேன்.”

“அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் நல்லா இறுக்கி முடுக்கறேன்ல?”

நான் அவனுக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினேன்.

கராஜில் அவள் சின்ன சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பயந்த பெண். அதை மறைக்கவும் இல்லை. “இறக்கத்துல நான் பிரேக்கப் பிடிச்சுக்கிட்டேதான் வருவேன். திட்டக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்,” என்றாள் அவனிடம்.

“இவ பயத்துக்கே பிரேக் கட்டை ரெண்டு மாசத்துல தேஞ்சு போகுது சார்.”

“உன் மூளை மாதிரி துருப்பிடிச்சுப் போறதுக்கு, தேஞ்சு போனா தேவலாம்டா.”

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். “உங்க வீட்டம்மா இப்ப ஓட்டறதில்லையா?”

“இல்லம்மா. அஞ்சு வருஷமா ஓட்டறதில்ல.”

பொய் சொல்லவில்லை. உங்களிடமும் பொய் சொல்லப்போவதில்லை.

தன் பையிலிருந்து ஒரு இரண்டு யூரோ நாணயத்தை எடுத்தாள். பழைய கார்பன் சைக்கிள் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கார்பன் கணீரென்று கேட்கும், உள்ளே விரிசல் விட்டது ஈரக் கட்டையைப் போலக் கேட்கும். பின்சக்கரத்தில் தொடங்கி டக், டக், டக் என்று தட்டிக்கொண்டே வந்தாள். முன்பக்கம், ஹேண்டில்பாருக்குக் கீழே வந்ததும் கை நின்றது. மறுபடி தட்டினாள்.

“தீலோ, இங்க சத்தம் வேற மாதிரி இருக்கு.”

“அங்க உள்ள பேரிங் இருக்கு. சத்தம் மாறத்தான் செய்யும்.”

“இல்லடா, காது குடுத்துக் கேளு.”

“நீ தட்டறதப் பாத்தா வண்டியே பயந்து போயிடும். வா, ஏத்தலாம்.”

அவன் சொன்னதும் சரி, அவள் கேட்டதும் சரி. நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்போது எனக்குப் பயம் வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். வாங்காமல் போய்விடுவார்களோ என்ற பயம்.

காரில் இரண்டும் அடங்க வேண்டுமானால் ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அதற்குப் போல்ட்டைத் தளர்த்த வேண்டும், வீட்டுக்குப் போனதும் மறுபடி முடுக்க வேண்டும். போதும் என்ற இடத்தில் ‘டக்’ என்று சொல்லிவிடும் டார்க் ரெஞ்ச் ஒன்று என் மேஜை மேலேயே கிடந்தது. “வேணுமா?” என்றுகூடக் கேட்டேன்.

“என் மணிக்கட்டுலயே அது இருக்கு சார்,” என்று தீலோ கையை ஆட்டிக் காட்டினான்.

ஹைக்கே இருந்தபோது நானும் இதையேதான் சொல்வேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம், அவள் ஹேண்டில்பாரை முடுக்கினேன். இன்னும் ஒரு கால் திருப்பு இருக்கட்டும் என்று நினைத்தேன். கைக்குள் ‘க்ருக்’ என்று ஒரு சத்தம், அளவுக்கு மீறி முடுக்கினால் கார்பன் குழாய் உள்ளே விரிசல் விடும் சத்தம். காதில் விழுந்ததைவிட விரலில்தான் அதிகம் தெரிந்தது. ஹைக்கே சமையலறையில் இருந்தாள். “என்னங்க, ஆச்சா?” என்றாள். “ஆச்சு,” என்றேன். மறுநாள் கிரேடிங் ஊர் மலைச்சாலை இறக்கத்தில் ஹேண்டில்பார் அவள் கையோடு வந்துவிட்டது. விபத்து என்று எழுதினார்கள். ஊரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் தப்பு இல்லை ஓட்மார் என்றது. அந்த ஊரில் ஒருவருக்கும் அந்தச் சத்தம் தெரியாது. ஜாம் புட்டி மூடியைத் திறந்தால் எனக்கு அது கேட்கிறது. கதவைப் பூட்டினால் கேட்கிறது. இதோ, உங்கள் பேனாவை மூடினீர்களே, இப்போதும் கேட்டது.

தனியாகப் பயந்துகொண்டிருப்பது எப்படியென்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். ஆனால் அது தெரிந்த ஒருவன் எனக்குத் தேவைப்பட்டான்.

விளம்பரம் கொடுக்குமுன் ஹைக்கேயின் சைக்கிளுக்குப் புது ஃபோர்க் வாங்கினேன், முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் இணைக்கும் கார்பன் குழாய். அதை மாட்டி, அந்தச் சத்தம் வரும்வரை முடுக்கினேன். இந்தத் தடவை கைக்கு வழி தெரிந்திருந்தது.

மாரென் எனக்கு ஒரு முறை போன் செய்தாள். வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை, சாப்பாட்டு நேரம்.

“சார், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. பிரேக் பிடிச்சா முன்னால ‘டிக்’குன்னு ஒரு சத்தம் வருது. இவன் ஒண்ணும் இல்லங்கறான். நாளைக்குக் கிரேடிங் பக்கம் போறோம். எனக்கு என்னமோ சரியாப் படல.”

பின்னால் தீலோவின் குரல் கேட்டது. “சார், அவகிட்ட சொல்லுங்க சார், பேய் பிசாசெல்லாம் விக்கலன்னு.”

அவள் சிரிக்கவில்லை. ‘ஓட்டாதே’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அந்தப் பெண் போன் செய்திருந்தாள். எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

“உங்க வீட்டுக்காரர இன்னொரு தடவை முடுக்கச் சொல்லும்மா,” என்றேன். “அவரே முடுக்கட்டும். நீ தொடாத.”

“அவ்வளவுதானா சார்?”

“அவ்வளவுதான்.”

“அப்பாடா,” என்றாள். “ரொம்ப நன்றி சார்.”

மறுநாள் பதினொரு மணிக்கு நடந்ததை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

மாரெனின் அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தீலோவைப் பார்க்கப் போனேன். கேக் கொண்டுபோனேன். அவன் கதவைத் திறந்துவிட்டு, நான் உட்காருமுன்பே சொல்லிவிட்டான். “சார், நான்தான் முடுக்கினேன். முடுக்கறப்ப ‘க்ருக்’குனு ஒரு சத்தம் வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. என் விரல்லயே இருக்கு சார் அது.”

ஐந்து வருஷத்தில் முதல் முறையாக எனக்கு அழுகை வந்தது. அவன் விரலைப் பிடித்துக்கொண்டேன். “எனக்குத் தெரியும்ப்பா,” என்றேன். வேறு யார் சொன்னாலும் அது வெறும் ஆறுதல். நான் சொன்னது உண்மை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு வந்துவிடுகிறான். இரண்டு பேரும் கால்வாய்க் கரையோடு நடக்கிறோம். சைக்கிளை அவனும் தொடுவதில்லை, நானும் தொடுவதில்லை. “நான் கொன்னுட்டேனா சார்?” என்று கேட்பான். “இல்லப்பா,” என்பேன். திரும்பும்போது அவன் கொஞ்சம் சாப்பிடுகிறான். எனக்கும் அன்றைக்கு மட்டும் பசிக்கிறது.

உடைந்த குழாயில் பாதி முறிவு பழையது, பாதிதான் புதிது என்று உங்கள் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். சரிதான். பழைய பாதி என்னுடையது. தெரிந்தே செய்தேன். மாரெனின் நாணயம் நின்ற இடமும் அதுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தீலோவுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள். அவன் மென்மையானவன், தாங்கமாட்டான். நாளை ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு வந்து மணியடிப்பான். நான் இல்லாவிட்டால், அவன் தப்பு ஒன்றும் இல்லை என்று அந்தப் பையனுக்கு எடுத்துச் சொல்ல இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?