வெளுக்காத சிவப்பு

ஹோசூர் ரோடு டிராஃபிக்கில் பதினெட்டு வருடம் கார் ஓட்டியவன் நான். பொறுமையைப் பற்றி இந்த விசாரணைக் குழு எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் அருங்காட்சியகத்தில் முந்நூறு வருடப் பழமையான தேர்ச்சீலை ஒன்று உண்டு. சாயவேரில் ஏற்றிய சிவப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசேஷக் கேமராவில் அதைப் படமெடுத்து, கண்ணுக்குத் தெரியாத வெளுப்பை அளப்பது என் வேலை. ஐந்து வருடத்தில் கால்வாசி நிறம் போய்விடும் என்று கட்டுரை எழுதினேன். வெளிநாட்டில் கை தட்டினார்கள். நான்கு வருடம் போயிற்று. அந்தச் சனியன் பிடித்த சிவப்பு பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

காரணம் சொர்ணம். சீலை இருக்கும் அறையைப் பார்த்துக்கொள்ள ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் அம்மா. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட ஜன்னல் திரையை விலக்கியதில்லை. இப்படி ஒரு கடமையுணர்ச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனிதன் எப்படி ஆராய்ச்சி செய்வது?

அவர் மதியம் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. புற ஊதா விளக்கைச் சீலைக்கு மேல் வைத்தேன். தினமும், ஐந்து மாதம். சிவப்பு என் கட்டுரை சொன்ன இடத்துக்குச் சமர்த்தாக வந்து சேர்ந்தது.

இயக்குநர் தமயந்தி மேடம் பதறிப்போய்க் காரணம் கேட்டார். வெயில் பட்டிருக்கலாம் என்றேன். பட்டது என்று சொல்லவில்லை. ஆராய்ச்சியாளன் வார்த்தையை அளந்துதான் பேசுவான்.

சொர்ணத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று அழுதார்.

"ஸ்கிரீன நான் தொறக்கவே இல்ல சார், மாரியம்மா சத்தியமா. பன்னெண்டு வருசமா பாக்கறீங்க இல்ல? மேடம்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் சார்."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. "படம் பொய் சொல்லாதும்மா" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, தெரியும். யாரோ அனுப்பிய புகாரைக் காட்டி, படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தினாயா என்றுதான் கேட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஃபிராடு என்று மட்டும் சொல்லாதீர்கள். படத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் தொட்டதில்லை. சீலை நிஜமாகவே வெளுத்தது. நான்தான் வெளுக்க வைத்தேன். விளக்கு என் அலமாரியிலேயே இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை எழுதும்போது, ஆள் நேர்மையானவன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.