தேநீரில் எழுந்த தொட்டில்

லீலா: பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்துல கட்டத் தொட்டில் வாங்கிட்டு வாங்கன்னா, அட்டைத் துண்டை நீட்டுறீங்க?

அகிலன்: அட்டை இல்ல லா! எங்க லேப்ல செஞ்சது. சூடு பட்டா தானா மடிஞ்சு தொட்டிலாயிடும்.

லீலா: சிராங்கூன் ரோட்டுல சூட்டுக்கு எங்க போறது?

அகிலன்: உன் கையில சுடச்சுட தே-ஓ இருக்கே. அதுல முக்கு.

லீலா: சாமிக்குக் கட்டுறதை டீயிலயா...

அகிலன்: அட முக்கு... பாரு, பாரு!

லீலா: ஐயோ! எந்திரிக்குது!

அகிலன்: ஓவன்ல வச்சு உருவத்தைப் பழக்கியாச்சு. சூடு பட்டா ஞாபகம் வந்துடும்.

லீலா: பரவாயில்லையே. உங்களைவிட ஞாபகசக்தி ஜாஸ்தி.

அகிலன்: கிண்டலா? இப்ப இதுக்கு இந்த உருவம் ஒண்ணுதான் தெரியும். நாளைக்கு நாம சொல்றபடியெல்லாம் மாறும். முதல்ல தொட்டில், அப்புறம் கட்டில், ஸ்கூல் போனா மேசை... பொங்கோல்ல நம்ம சின்ன வீட்டுக்கு ஒரே சாமான் போதும்.

லீலா: பிள்ளையே பிறக்கலன்னா?

அகிலன்: இந்தா, முதல்ல இதைப் பிடி.

லீலா: சொல்லுங்க, எதுவா மாறும்?

அகிலன்: ஏன் கோயில் வாசல்ல இப்படிப் பேசுற? அம்மா ஆசைப்பட்டாங்க, கட்டிட்டுப் போயிடுவோம்.

லீலா: அவங்க சொன்னதெல்லாம்தான் செய்றேனே. விரதம், கஷாயம்... அதுவும் போன வாரம் உங்க குணவதி அத்தை வீட்டு விருந்துல, அத்தனை பேர் முன்னாடி, உங்கம்மா “அகிலன் பாவம், வேற ஒருத்தியைக் கட்டியிருந்தா இந்நேரம் ரெண்டு பிள்ளை”ன்னாங்க. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?

அகிலன்: பெரியவங்க... அவங்ககிட்ட போய் என்னத்த சொல்ல?

லீலா: ஒண்ணும் சொல்லல. இன்னும் கொஞ்சம் பிரியாணி வாங்கிக்கிட்டீங்க.

அகிலன்: சரி, விடு லா. நடை சாத்திடப் போறாங்க. போய்க் கட்டு.

லீலா: நீங்க கட்டுங்க.

அகிலன்: பொம்பளைங்கதானே கட்டுவாங்க?

லீலா: குறை யாருக்கோ அவங்கதான் கட்டணும்னு உங்கம்மாதான் சொன்னாங்க.

அகிலன்: ...என்ன சொல்ற?

லீலா: கிளினிக் ரிப்போர்ட். உங்க பேர்ல வந்தது. லேப்டாப் பையில ஒளிச்சு வச்சீங்களே... அதை நான் படிச்சு ரெண்டு வருஷமாச்சு.

அகிலன்: தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா இத்தனை விரதம் இருந்த? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே லீலா!

லீலா: வெள்ளிக்கிழமையானா நான் பட்டினியா நின்னு பரிமாறுவேன், நீங்க குனிஞ்ச தலை நிமிராம சாப்பிடுவீங்க. இன்னைக்காவது வாயைத் திறந்து சொல்லுவாருன்னு ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்.