குறிப்பிடத்தக்கவர் அல்ல

ஹலோ... ஆமா, டாக்டர்தான் பேசுறேன்... ஓ, புரொஃபசர் அம்மாவோட மகனா? வணக்கம் சார்... ஆமா, ஆமா, இணையக் கலைக்களஞ்சியத்துல அவங்களப் பத்தி எழுதினது நான்தான்... ஐயோ, சம்பளமெல்லாம் இல்ல. பெண் விஞ்ஞானிங்களப் பத்தி நானா எழுதுறது. இதோட அறுபத்தி மூணு பேர்...

எடுத்துடணுமா? ஏன் சார்?

ம்... ம்... அப்பா பேர்ல ஆராய்ச்சிக் கூடம் திறக்குறாங்க, சரி. அதுக்கும் இதுக்கும்?... இல்ல சார், அந்தக் காய்ச்சல் கிருமியக் கண்டுபிடிச்சது உங்க அம்மா. ஆராய்ச்சிக் கட்டுரையில முதல் பேரே அவங்களோடது. அப்பா பேரு நாலாவது... என்னது? அம்மா கண்ணாடிக் குழாய் கழுவிக் குடுத்தாங்களா?... சார், பெத்தவங்க சார்.

சிஸ்டர், அவர உக்கார வைங்க, ரெண்டே நிமிஷம்.

சொல்லுங்க... ஆமா, நீக்கச் சொல்லி யாரோ கோரிக்கை போட்டிருக்காங்க, பாத்தேன். உங்க அம்மா எழுதினது மட்டும் போதாதாம், வேற யாராவது அவங்களப் பத்தி அச்சுல எழுதியிருக்கணுமாம். ரெண்டு மாசமா அதத்தான் தேடுறேன்... வியாழக்கிழமையோட கெடு முடியுதா? இருங்க. கெடு இருக்குன்னே நான் சொல்லலையே.

...

நீங்களா? பொய்ப் பேர்ல? சொந்த அம்மாவ 'குறிப்பிடத்தக்கவர் அல்ல'ன்னு எழுதினது நீங்களா?... சீ. தினம் சீழும் ரத்தமும் தொடுறவ நான், ஒரு நாளும் குமட்டினதில்ல. இப்பக் குமட்டுது... கத்தாதீங்க. அம்மாகிட்ட ஃபோனக் குடுங்க... தூங்குறாங்களா? அப்ப அங்க இருமுறது யாரு?

...

வணக்கம்மா... ஆமாம்மா, நான்தான்... எடுத்துடணுமா? நீங்களுமா?... ம்... புரியுது. மகன் வீட்லதானே நீங்க இருந்தாகணும்... இல்லம்மா, கோவமில்ல. உங்க மேல இல்ல... சரிம்மா, வச்சிடட்டு...

என்னம்மா? கொஞ்சம் சத்தமா... யாரு எழுதினது? வெளிநாட்டுக்காரரா? உங்களப் பத்தி மட்டுமா?... எந்த இதழ்? சொல்லுங்க, சொல்லுங்க, எழுதுறேன்... எழுபத்தேழு... தொகுதி பதினொண்ணு... ம்... பக்கம் நானூத்தி...

ஹலோ? அம்மா?... ஹலோ?

போதும்மா. நானூறுலேர்ந்து பாத்துக்கிறேன்.