மெதுவா எழும்புற கட்டை

சாயங்காலம் ஆறே முக்கால். பாலிக் பூலாவ் மலைரோடு... இப்ப துரியான் பழக் காவலுக்கு நாம ஏறி வந்தோமே, அதே ரோடுதான். முன்னாலயும் வண்டி இல்ல, பின்னாலயும் வண்டி இல்ல. லோரி ரெண்டாவது கியர்ல முனகிக்கிட்டு ஏறுது. ஓட்டுறது யாருன்னா, நம்ம வீரையா இருக்கானே, அவன் மச்சான் தேவா. தனியா. பின்னால தார்ப்பாய்க்குள்ள ஒரு பழைய பியானோ.

சிரிக்காத வீரையா. உங்க மச்சான் இத உங்கிட்ட சொல்லியிருக்கவே மாட்டான். டேய், டார்ச்ச அணைங்கடா. மழை கூரைத் தகரத்துல இந்தப் போடு போடுது, கிட்ட வாங்க. தொண்டை கிழியக் கத்த என்னால ஆகாது.

ம்... அப்ப போன் அடிக்குது. எடுக்கிறான். பேச்சே இல்ல. ஒரே ஒரு பியானோ சத்தம். டங்... கொஞ்சம் கழிச்சு, டொக்.

அந்த டொக் கேட்டதும் தேவா போனச் சீட்டுல வீசிட்டான். அவனுக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு பியானோவுலதான் அப்படி வரும். நடுக்கட்டை ஒண்ணு, அழுத்தினா உடனே எழும்பாது. மெதுவா எழும்பி, டொக்குனு இடிக்கும். அந்தப் பியானோதான் அவன் முதுகுக்குப் பின்னால கயித்துல கட்டிக் கிடக்கு.

அது சியாங் சாரோடது. ஜார்ஜ் டவுன்ல பியானோ வாத்தியார், தனிக்கட்டை. முன்பக்கம் ரெண்டு பித்தளை மெழுகுவத்தித் தண்டு வச்ச பழங்காலத்துச் சாமான். ஈரம் ஏறாம இருக்க வயித்துக்குள்ள ஒரு சின்ன பல்பு, ராப்பகலா எரியும். பூச்சி அண்டாம இருக்கச் சூடம். கிட்டப் போனாலே தரை சூடா இருக்கும், சூடம் மணக்கும். தேவா மகளுக்குக் காசே வாங்காம வருஷக்கணக்கா சொல்லிக் குடுத்தாரு மனுஷன். தினம் ஆறே முக்காலுக்குப் பாடம்.

கண் ஆபரேஷனுக்குப் போறப்ப வீட்டுச் சாவியத் தேவா கையிலதான் குடுத்தாரு. "தேவா, அந்தப் பல்ப மட்டும் அணைய விட்டுடாத." அவ்வளவுதான் கேட்டாரு.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவரோட அண்ணன் மகன் வந்தான். "பெரியவரு இனிமே இந்த வீட்டுக்கு வரப் போறதில்ல. எல்லாத்தையும் ஏலத்துக்கு ஏத்து"ன்னான். தேவாவும் கதவத் திறந்து விட்டான். லோரி வாடகை கிடைக்குதேன்னு. சீ... சொல்லவே நாக்கூசுது.

ஆஸ்பத்திரியில அவருக்கு ரெண்டு கண்ணுலயும் கட்டு. தினம் பாட நேரத்துக்குப் போன் பண்ணுவாரு. "பாப்பாவ ஒரு கட்டை அழுத்தச் சொல்லு தேவா. கேட்டுட்டுத் தூங்கிடுவேன்." சாமான ஏலத்துக்குக் கொண்டு போன அன்னிக்குப் போன் வந்தப்ப தேவா ஏலக் கிடங்குல நிக்கிறான். பியானோவுல நம்பர் சீட்டு தொங்குது. போனப் பியானோகிட்ட நீட்டினான். டங்... டொக்.

சாருக்குக் காது அவ்வளவு கூர்மை, சத்தத்த வச்சே இடத்தச் சொல்லிடுவாரு.

"என் வீட்ல பலகைத் தரை, தேவா. இங்க சிமெண்டுத் தரை கேக்குதே. என் பியானோ எங்க நிக்குது?"

"உங்க வீட்லதான் சார் நிக்குது."

"...நீ சொன்னாச் சரி."

விடியறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு. அவ்வளவு நம்பின மனுஷன், கழுத்த அறுத்துட்டோமேடா...

சரி. மலைரோட்டுக்கு வருவோம், அது அவர் செத்த பிறகு நடந்தது. தேவா கண்ணாடியில பாக்குறான். தார்ப்பாய் இடுக்குல மஞ்சள் வெளிச்சம். பல்பு எரியுது. அதோட வயர் வெளிய தொங்கி ரோட்டுல உரசிக்கிட்டு வருது. ஏலத்துல பியானோவ எடுத்த ஓட்டல் வாசல்ல அத இறக்கிப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டான்.

மறுநாள் அதே நேரத்துக்குப் போன். டங்... டொக். இந்தத் தடவை பலகைத் தரைச் சத்தம். சாரோட காலி வீடு. அதுக்கு மறுநாள் சத்தத்துக்குப் பின்னால மேல சுத்துற காத்தாடி ஒண்ணு, கிரீச் கிரீச்னு. அப்புறம் ஒரு பிள்ள இருமுது.

அது தேவா வீட்டுக் காத்தாடி. அவன் மக இருமல்.

அலறியடிச்சிக்கிட்டு ஓடுறான். பிள்ள தூங்குது. பியானோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சூட வாசன மட்டும்... சுவரோரமா தரையத் தொட்டுப் பாத்தா, சூடு. சரியா ஒரு பியானோ நிக்கிற அகலத்துக்கு.

அந்த வாரமே ஜொகூருக்குக் குடி போயிட்டான். என்ன வீரையா, வேலை மாத்தம்னுதான உங்ககிட்ட சொன்னான்?

என்னடா முறைக்கிற? எனக்கெப்படி இவ்வளவும் தெரியும்னா?

தனியா ஓட்டினான்னு சொன்னேன்ல. பொய். பியானோவ ஒத்த ஆளா தூக்க முடியும்? மறுபக்கம் புடிச்சவன் நான். கிடங்குல தேவா போன நீட்டினான்... கட்டைய அழுத்தினது இந்த விரல்.

நேத்து ஆறே முக்காலுக்கு எனக்குப் போன் வந்துச்சு. டங்... டொக். பின்னால தகரத்துல மழை. துரியான் ஒண்ணு தொப்புனு விழுந்துச்சு... ஆங், இப்ப விழுந்துச்சே, இதே மாதிரி. அப்புறம் ஒரு ஆளு கதை சொல்லிக்கிட்டிருக்கான். என் குரல்.

கடைசியா அந்தக் குரல் சொன்னதும் நல்லாக் காதுல விழுந்துச்சு.

"வீரையா, உனக்குப் பின்னால தரையத் தொட்டுப் பாரு."